முப்பத்து மூன்று டிக்

ஜொகூர் பாரு
4 மார்ச் 2024

மலையருவி முதியோர் பராமரிப்பு இல்லம், தானா ராத்தா.
பொறுப்புத் தாதி அன்பரசி அவர்களுக்கு,

நான் தோமஸின் மகள் வனஸ்ஸா. உங்கள் இல்லத்தில் ஒன்பது மாதம் ஏழாம் எண் கட்டிலில் படுத்திருந்தவரின் ஒரே மகள். போனில் மூன்று முறை உங்களைப் பிடித்தேன். மூன்று முறையும் உங்கள் நிர்வாகி பெயரைச் சொல்லி, "மகேன் சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டீர்கள். வாட்ஸாப்பில் அனுப்பியதற்கு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் போடுகிறேன். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி மூன்றாம் தேதி மத்தியானம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றீர்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வலது பாதம் பாதிக்கு மேல் கறுத்துப் போயிருந்தது. சாக்ஸை வெட்டித்தான் எடுத்தார்களாம். இந்தக் கால் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று டாக்டர் என்னைக் கேட்டார். காலை எடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். எடுப்பதற்குள் ஐந்தாம் தேதி அவர் போய்விட்டார்.

புண்ணுக்குள் கறுப்பாகத் துகள் துகளாக ஏதோ ஒட்டியிருந்ததாம். மண்ணோ என்று பார்த்தால், தேயிலை. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லைன் வீடுகளில், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டால் டீச் சக்கையை வைத்துக் கட்டுவார்கள். அது அந்தக் காலம். ஒரு பராமரிப்பு இல்லத்தில், தாதிகள் இருக்கிற இடத்தில், என் அப்பா காலில் டீச் சக்கையை வைத்தது யார்?

ஜனவரி முதல் தேதியிலிருந்து அவருடைய மருத்துவப் பதிவுகள் முழுவதும் எனக்கு வேண்டும். ஒரு தாள் குறையக் கூடாது.

வனஸ்ஸா தோமஸ்


தானா ராத்தா
15 மார்ச் 2024

மதிப்பிற்குரிய வனஸ்ஸா தோமஸ் அவர்களுக்கு,

தங்கள் தந்தையாரின் மறைவுக்கு எங்கள் இல்லத்தின் சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள். தாங்கள் கேட்டபடி 1.1.2024 முதல் 2.2.2024 வரையிலான தினசரிப் பராமரிப்புப் படிவங்களின் வண்ண நகல், முப்பத்து மூன்று தாள்கள், இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எந்த விவரமும் விடுபடவில்லை என்பதைத் தாங்களே காணலாம். நோயாளிக்குத் தேவையான கவனிப்பு முறைப்படி அளிக்கப்பட்டது. தேயிலை குறித்து இல்லத்துக்குத் தகவல் ஏதும் இல்லை.

இப்படிக்கு,
அன்பரசி
பொறுப்புத் தாதி

(இதை மட்டும் கையால் எழுதுகிறேன். கடைசி நாள் காலையில் ஐயா பால் கஞ்சி அரைக் கிண்ணம் குடித்தார். சூடு பத்தவில்லை என்றார், மறுபடி சுட வைத்துக் கொடுத்தேன். படிவத்தில் இதற்கு இடமில்லை.)


ஜொகூர் பாரு
27 மார்ச் 2024

அன்பரசி மிஸ்ஸிக்கு,

முப்பத்து மூன்று தாளும் கிடைத்தன. மிக அழகான பதிவேடு. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்பா உங்களிடம் சொன்னாரோ என்னவோ. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது படிவம் என் கையைத் தாண்டிப் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரப் படிவத்தை ஒரே மூச்சில் நிரப்பி, மாட்டிக்கொண்டு, எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள் நான். அந்த வேலை எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரியும்.

ஜனவரி பதினாறு முதல் இருபத்திரண்டு வரை ஏழு தாளிலும் பச்சை மை. மற்ற நாளெல்லாம் நீலம். தைப்பூசத்துக்கு மறுநாள் 'குளித்தார்' என்று டிக் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் சொன்னார், குழாய் வெடித்து ரெண்டு நாள் தண்ணியே இல்ல, மூஞ்சி கழுவக்கூட வாளியில மொண்டு குடுத்தாங்க என்று. யார் சொல்வதை நம்பட்டும்?

'பாதம் பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் முப்பத்து மூன்று டிக். பக்கத்தில் முப்பத்து மூன்று 'நன்று'. என் அப்பாவின் கால் முப்பத்து மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டு முப்பத்து நாலாம் நாள் காலையில் கறுத்துவிட்டது. அதிசயக் கால்தான்.

மகேன் சார் சொல்லி எழுதும் கடிதம் இன்னொன்று எனக்கு வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பார்த்தீர்களா?

வனஸ்ஸா


தானா ராத்தா
7 ஏப்ரல் 2024

வனஸ்ஸா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டுப் படியுங்கள். இது என் வீட்டிலிருந்து எழுதுவது. மகேன் சாருக்குத் தெரியாது.

பார்க்கவில்லை.

முப்பத்து மூன்று நாளில் ஒரு நாள்கூட நான் ஐயாவின் சாக்ஸைக் கழற்றிப் பார்க்கவில்லை. எங்களிடம் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். பகலில் நானும் ஒரு உதவியாளரும்தான். போன வருஷம் சோதனைக்கு வந்தவர்கள் படிவத்தில் காலியான கட்டங்களைச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மகேன் சாருக்கு ஒரே பாட்டுத்தான். "எதுவும் காலியா இருக்கக் கூடாது அன்பரசி, அப்புறம் லைசன்ஸ் போயிரும்." சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் எல்லாருடைய தாளையும் வரிசையாக வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக டிக் போடுவேன். பச்சை மை என்னுடையதுதான். அந்த வாரத் தாள்களைத் திங்கட்கிழமை மொத்தமாக நிரப்பினேன். இங்கே ஜனவரிக் குளிர் உங்களுக்குத் தெரியும். வயசானவர்கள் சாக்ஸைக் கழற்ற விடுவதில்லை. அவர்கள் வேண்டாம் என்றதும் எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்று தோன்றியது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

படிவத்தில் இல்லாததையும் நினைவில் இருக்கிற வரை எழுதித் தருகிறேன். உங்களுக்கு இதுதான் முழுப் பதிவு.

ஜனவரி 4. சாக்ஸ் மாற்றலாமா என்று கேட்டேன். "வேணாம் லா சின்ன மிஸ்ஸி, குளிருது" என்றார். பார்க்கவில்லை.

ஜனவரி 8 என்று நினைக்கிறேன். காலை டீ வடிகட்டிய சக்கையை ஒரு கப்பில் போட்டுத் தரச் சொன்னார். எதற்கு என்றேன். ஜன்னலில் இருக்கிற ரோஜாத் தொட்டிக்கு உரமாம். அன்றிலிருந்து தினமும் கேட்டார். தினமும் என் கையாலேயே கொடுத்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் செடிக்குப் போடத் தேயிலை கேட்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ரோஜாத் தொட்டியில் ஒரு துகள்கூட இல்லை என்பதை அவர் ஈப்போவுக்குப் போன மறுநாள்தான் பார்த்தேன். அக்கா, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். வைத்துக்கொண்டது அவர். எடுத்துக் கொடுத்தது நான்.

ஜனவரி 19. கேரம் ஆட்டத்தில் இராமையா ஐயாவைத் தோற்கடித்துவிட்டு நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார். இராமையா ஐயா எட்டாம் கட்டில். தோமஸ் ஐயா கொஞ்சம் நொண்டுகிறாரே என்று அன்று எனக்குப் பட்டது. வலிக்கிறதா என்றேன். இல்லை என்றார். திங்கட்கிழமை அந்தத் தாளில் 'வலி: இல்லை' என்று எழுதினேன். ஐயாவுக்கு இருந்த சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போயிருக்கும், வலி தெரியாது, வலி இல்லை என்று சொன்னால்தான் பார்க்க வேண்டும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள் நான்.

ஜனவரி 28. உங்களோடு போன் பேசி முடித்த சந்தோஷத்தில் இருந்தார். "சிங்கப்பூர்ல என் மக கையெழுத்துப் போட்டாத்தான் சாமான் கப்பல் ஏறும் தெரியுமா" என்றார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். சொன்னார் அக்கா. எல்லாருக்கும் சொன்னார்.

ஜனவரி 31. அவர் பக்கத்தில் ஒரு வாடை வந்தது. சாக்ஸ் ஈரம் என்று நினைத்துக் குனிந்து இழுக்கப் போனேன். காலை மடக்கிக்கொண்டார். "வேணாம்மா. பாத்தா அனுப்பிருவீங்க" என்றார். எங்க ஐயா அனுப்புவோம் என்று கேட்டேன். சிரித்தார். அந்த நேரம் உள்ளே யாரோ விழுந்துவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள், ஓடினேன். திரும்பி வரவில்லை. சாயங்காலம் 'நன்று' என்று எழுதினேன்.

எங்கே அனுப்பிவிடுவோம் என்று அவர் பயந்தார்? அது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்பரசி


ஜொகூர் பாரு
20 ஏப்ரல் 2024

அன்பரசி மிஸ்ஸிக்கு,

கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். சிங்கப்பூர்ப் பாலம் தாண்டும் வரை ஒரு தாளைத்தான் படிக்க முடிந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில். தோட்டத்தில் டிரெஸ்ஸர் என்று ஒருவர் இருப்பார், மருந்து கொடுப்பவர். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும்போது யாராவது நொண்டினால் கூப்பிட்டுப் பார்த்துத் தன் புத்தகத்தில் பெயரை எழுதுவார். அதில் பெயர் ஏறினால் அன்றைக்கு வேலை கிடையாது. திரும்பத் திரும்ப ஏறினால் வேலைக்கு லாயக்கில்லை என்று துரைக்குப் போகும், லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் புத்தகமும் பேனாவும் வைத்திருப்பவரிடம் எங்கள் ஆட்கள் நோவைச் சொல்லவே மாட்டார்கள். அப்பா அந்தப் பழக்கத்தில்தான் சொல்லியிருப்பார். நீங்கள் கையில் புத்தகத்தோடு நின்றிருப்பீர்கள்.

உண்மையை எழுதியதற்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் அப்பா வாடை அடிக்கிற காலோடு உட்கார்ந்திருந்தார், நீங்கள் 'நன்று' என்று எழுதினீர்கள். உங்களைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தின் நகலையும் சேர்த்திருக்கிறேன். இது உங்கள் வேலைக்கு என்ன செய்யும் என்று தெரிந்துதான் சேர்த்தேன்.

வனஸ்ஸா


தானா ராத்தா
11 மே 2024

வனஸ்ஸா அக்காவுக்கு,

நகலைச் சேர்த்தது சரிதான். சேர்ப்பீர்கள் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை மே 27, திங்கட்கிழமை. கட்டங்களை நிரப்பச் சொன்னதே இல்லை என்கிறார் மகேன் சார். அதற்கு என்னிடம் சாட்சி கிடையாது. என் பெயரைத் தாதியர் பதிவிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு. எடுத்தால் நான் வாதாடப் போவதில்லை. பிரிஞ்சாங்கில் என் தம்பி பூக்கடை வைத்திருக்கிறான், அங்கே போய் உட்காருவேன். தோமஸ் ஐயாவின் காலை நான் பார்த்திருந்தால் ஒரு விரலை எடுப்பதோடு போயிருக்கும். எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னாலும் அது மாறாது.

மகேன் சார் சேர்க்கைப் படிவத்தையும் விசாரணைக்குக் கொடுத்திருக்கிறார். 'இதற்கு முன் பாதத்தில் புண் இருந்ததா' என்ற கேள்விக்கு நீங்கள் 'இல்லை' என்று எழுதிய தாள். இருந்ததென்று தெரிந்திருந்தால் வாராவாரம் கிளினிக்கில் காட்டியிருப்போம், இல்லாததால் இது இங்கே புதிதாக வந்த புண், முழுக்க முழுக்கத் தாதியின் கவனக்குறைவு என்பது அவர் வாதம். அதிகாரி கேட்டால் படிவத்தில் இருப்பதைத்தான் நானும் சொல்வேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

இன்னொன்று. என் பொருள்களை எடுக்கப் போன அன்று இராமையா ஐயா கையைப் பிடித்துக்கொண்டார். தோமஸ் ஐயா சாயங்காலம் சாயங்காலம் குளியலறையில் உட்கார்ந்து உப்புத் தண்ணியில் கால் கழுவியதை அவர் பார்த்திருக்கிறார். மிஸ்ஸியிடம் சொல்லுய்யா என்றாராம். "மககிட்ட வாக்குக் குடுத்துட்டேன், சொல்ல மாட்டேன்" என்று தோமஸ் ஐயா சொன்னாராம்.

இராமையா ஐயாவுக்கு மறதி அதிகம். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் இல்லை என்பார். அதனால் இதை நான் எந்த வாக்குமூலத்திலும் எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை. மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

அன்பரசி


ஜொகூர் பாரு
19 மே 2024

அன்பரசிக்கு,

நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

டிரெஸ்ஸர் கதை உண்மைதான். ஆனால் அதை உங்களுக்கு எழுதியபோது அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அப்பா எதற்குப் பயந்தார் என்று உங்கள் கடிதத்தின் அந்த வரியைப் படித்தவுடனேயே எனக்குத் தெரியும்.

2022 கடைசியில் அவருக்கு அதே காலில், அதே இடத்தில் புண் வந்தது. ஆற நாலு மாதம் ஆனது. அப்போது லெம்பா பெர்த்தாமில் என் சித்தி வீட்டில் இருந்தார். சித்தி இறந்ததும் அவரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. எனக்கு இங்கே வாடகைக்கு ஒரு அறை. விடியாமலே எழுந்து எல்லை தாண்டி வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவேன். வேலையை விட்டுவிட்டு அவரோடு போய் இருந்திருக்கலாம். விடவில்லை. இல்லம் இல்லமாக ஏறி இறங்கினேன். ஈப்போவில் இரண்டு இடத்தில், பாதத்தில் புண் வந்தவர் என்று எழுதியதும் படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் வாசலிலும் எழுதி வைத்திருந்தது, ஆறாத புண் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்று. அப்போது புண் ஏறக்குறைய ஆறிவிட்டது. மேல் தோல் மட்டும் வெங்காயச் சருகு மாதிரி மெலிசாக இருந்தது.

வாடகைக் காரில் உட்கார வைத்தே ஒரு பிளாஸ்டரை ஒட்டினேன். கடையில் புதிதாக வாங்கிய கம்பளிச் சாக்ஸை நானே மாட்டிவிட்டேன். "அப்பா, காலப் பத்தி இங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாத்தா அனுப்பிருவாங்க. அனுப்பிட்டா எனக்கு வேற எடம் இல்லப்பா." இதுதான் நான் சொன்னது. வாக்குக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி என் கையில் தட்டினார். அப்புறம் உள்ளே போய் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணினேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்பேன், நல்லா இருக்கேன் என்பார். ஒன்பது மாதத்தில் ஒரு முறையாவது, அப்பா அந்தக் காலு எப்படி இருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம். சொன்னால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

உங்களிடம் நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். எத்தனை நிமிர்ந்து கேட்டேன். நீங்கள் பார்க்காதது முப்பத்து மூன்று நாள். நான் பார்க்காமல் இருந்தது ஒன்பது மாதம்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஜனவரி 31 ஞாபகம் வரும்போதெல்லாம் உங்கள் மேல் கோபம் வருகிறது. அது போகும் என்று தோன்றவில்லை. ஆனால் அந்தக் காலை உங்கள் ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு என்னால் இருக்க முடியாது. புகாரை நான் திரும்ப வாங்கவில்லை. அதோடு, சேர்க்கைப் படிவத்தில் நான் எழுதியது பொய் என்றும், முன்பு புண் இருந்ததை வேண்டுமென்றே மறைத்தேன் என்றும், அவரையும் மறைக்கச் சொன்னேன் என்றும் எழுதிக் கையெழுத்திட்டு நேற்று அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பழைய கிளினிக் அட்டையின் நகலும் போயிருக்கிறது. 27ஆம் தேதி நானும் வருகிறேன். அவர்கள் என்ன கேட்டாலும் சொல்வேன்.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. எனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. விட்டு வைக்காதீர்கள் மிஸ்ஸி. இராமையா ஐயா மறந்துபோய் எதையும் உளறவில்லை. அவர் சொன்னதையும் எழுதுங்கள்.

வனஸ்ஸா